ஆற்று மீனுக்கும் கணக்கு வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கங்கைக் கரையில் வந்து வாழும் தமிழர் நாம். மழைக்காலம் பிறந்துவிட்டால் வங்க நண்பர்களின் இல்லங்களில் இலீஷ் மீனைப் பற்றிய பேச்சே பேச்சு. அம்மீன் நமக்கு அயலானதன்று. தமிழில் அதற்கு உல்லம் என்று பெயர். மீன் உண்ணாத குடும்பத்தாரும் இன்று எனக்குச் செவி சாய்க்கலாம். நான் பேசப் புகுவது அதன் சுவையைப் பற்றியன்று. அதன் கணக்கைப் பற்றி.

‘இந்த ஆற்றில் ஓராண்டில் எவ்வளவு மீன் பிடிபடுகிறது?’ வினா எளிது, விடை எளிதன்று. கடல்மீன் பெரும்பாலும் துறைமுகங்களிலும் பெரிய மீனவர் ஊர்களிலும் வந்து இறங்கும். ஆற்றிலோ ஒவ்வொரு படித்துறையும் ஒரு சிறு துறைமுகம். ஒரு படகு, இருவர், ஒரு வலை, அவ்வளவே தொழில். பிடித்ததைக் கரையிலேயே வியாபாரியிடம் விற்றுவிடுவர். ஒரு பங்கு வீட்டுச் சட்டிக்குப் போகும். பெண்களும் சிறுவரும் ஓரநீரில் பிடிக்கும் சிறுமீன் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. சந்தையில் நிறுக்கலாமே எனின், அங்கே ஆந்திரக் குளங்களில் வளர்ந்த ரோகுவும் கட்லாவும் ஆற்றுமீனோடு கலந்து கிடக்கின்றன.

ஆதலின் அறிஞர் வேறு வழி கண்டனர். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது போன்றதே அது. எடுத்துக்காட்டாக ஒரு படித்துறையைக் கற்பனை செய்துகொள்வோம். இன்று 30 படகுகள் ஆற்றில் இறங்கின. அவற்றுள் எவ்வித விருப்பும் வெறுப்புமின்றிப் பொறுக்கிய 6 படகுகளின் மீனை நிறுத்தால், படகுக்குச் சராசரி 3 கிலோ. ஆகவே அத்துறையின் அன்றைய மீன் ஏறக்குறைய 90 கிலோ. இவ்வாறு மாதத்தில் சில நாட்கள், சில துறைகள் என்று பார்த்து ஆண்டுக் கணக்கை மதிப்பிடுவர். எந்த வலை, எத்தனை நாழிகை, எந்த இனம், எவ்வளவு நீளம் என்பவையும் ஏட்டில் ஏறவேண்டும்.

ஏன் இவ்வளவு விவரம்? அதே துறையில் சென்ற ஆண்டும் 90 கிலோவே கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘குறைவொன்றும் இல்லை’ என்று மேலிடத்துக்கு எழுதிவிடலாம். ஆனால் சென்ற ஆண்டு இறங்கியவை 15 படகுகளே. அன்று படகுக்கு 6 கிலோ. இன்று 3 கிலோ. மொத்தம் மாறவில்லை, மீனவன் வீட்டு உலைதான் பாதியாயிற்று. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர்க்கு இத்துன்பம் புலப்படாது. மீனின் நீளமும் அத்தகைய ஒரு சான்றே. ஆண்டுதோறும் சராசரி நீளம் குறைந்தால், முட்டையிடும் பருவம் எய்துமுன்பே மீன் வலைப்படுகிறதோ என்று ஐயுற வேண்டும்.

அன்பர்களே, இது வெறும் ஏட்டுக் கல்வியன்று. உல்லம் கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறும் மீன். ஒருகாலத்தில் பாட்னா, அலகாபாத் கடந்தும் அது சென்றது. கல்கத்தாத் துறைமுகத்தில் வண்டல் படியாமல் காக்க, கங்கைநீரை ஹூக்ளிக்குத் திருப்பும் பராக்கா அணை 1975இல் இயங்கத் தொடங்கியது. அதன்பின் மேல்புறத்தில் உல்லம் மிகவும் அருகிவிட்டது. இதை மீனவரின் முறையீடாக மட்டுமின்றி எண்களாகவும் இன்று நாம் சொல்ல முடிவது எதனால்? அலகாபாத் படித்துறையில் 1950களிலேயே ஆய்வாளர் மீனை நிறுத்து எழுதத் தொடங்கியிருந்ததனால். அணைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட ஏடு இருந்தது.

நம் காவிரியை எண்ணிப் பாருங்கள். அங்கும் உல்லம் ஏறிவந்த காலம் உண்டு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கீழணை எழுந்தது. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. அணைகள் மீனின் வழியை மறிப்பதைப் பிரான்சிஸ் டே என்பார் 1873இல் வெளியிட்ட அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். வயலுக்கு நீர் வந்தது நன்மையே. அதை யார் மறுப்பர்? ஆயினும் நன்மையைக் கணக்கிட்ட கைகள், கரையோர மீனவன் இழந்ததையும் எழுதியிருக்க வேண்டாவோ? எழுதாத இழப்புக்கு ஈடு கேட்பது எங்ஙனம்?

எழுதச் செல்வோர்க்கும் ஒரு சொல். ஏட்டோடு வருபவரை வரி வாங்க வந்தவர் என்று மீனவர் அஞ்சுவது இயல்பு. கணக்கு எதற்கு என்பதை அவர்தம் மொழியிலேயே விளக்கி, முடிவையும் அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். அவர்களே ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளச் செய்தால் இன்னும் சிறப்பு.

நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலீஷைப் பிடிப்பதும் விற்பதும் மேற்கு வங்கத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. தாய்மார்கள் சந்தையில் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலாக மீனை அளந்து, சிறியதை வேண்டாம் என்று மறுத்துவிடலாம். கணிதமும் புள்ளியியலும் பயிலும் நம் பிள்ளைகள், அக்கல்வி அலுவலக மேசைக்கு மட்டுமன்றிப் படித்துறைக்கும் பயன்படும் என்பதை உணரலாம். நமக்குச் சோறிடும் நாட்டின் ஆற்றுக்கும் அதன் மக்களுக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே.