உலக சுகாதாரக் கல்வியும் நம் இளைஞரும்

 

உலக சுகாதாரம் பயின்ற நம் பட்டதாரிகள், உத்தியோகம் ஜெனீவாவில்தான் உண்டென்று ஏங்குகின்றனர். 1948-ல் தோன்றிய உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் பயிற்சியாளருக்கு உதவித்தொகை அளிக்கத் தொடங்கியது மெய்யே. ஆயினும் 2025-ல் பணமுடையால் அதுவே ஆட்குறைப்புச் செய்தது. அவ்வொரு வாயிலையே நம்பியிருத்தல் தகுமோ?

எல்லை கடக்கும் நோயை அறிய நம் போடிமெட்டே போதும். நம் சகோதரிகள் விடியற்காலையில் ஜீப்பேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் மீள்கின்றனர். வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். தோட்டத்திற் பூச்சிமருந்தால் நேரும் தீங்கு இரவில் வீட்டிலே தலைகாட்டினால், அதனை எவர் பதிவேடு காட்டும்? இருபுறத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கல்வியின் சாரம்.

அதனைக் கற்பிக்கும் இடங்கள் தொலைவில் இல்லை. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் அச்சுதமேனன் மையம் உளது. வைத்தியரல்லாதார்க்கும் அங்கே இடமுண்டு. காந்திகிராமத்தில் 1964-ல் அமைந்த கிராம சுகாதார நிலையம் உளது.

கற்றபின் முதற்பயிற்சியை நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தோட்டத்து லயங்களிலும் பெறுவார்களாக. ஊதியமற்ற பயிற்சி ஏழைப் பிள்ளைகளுக்கு எட்டாக்கனி. ஆண்டுக்கு இருவரின் ஆறு மாதச் செலவையேனும் நம் சங்கம் ஏற்றல் வேண்டும். அவர்களுள் ஒருத்தி பெண்ணாயிருத்தல் நன்று. ஏலம் எடுக்கும் கைகள் பெண்களுடையவை அன்றோ!