சேர்க்கைக்குப் பின்னும் தொடர வேண்டிய துணை

முதல் தலைமுறை மாணவர் அறிவியல் பட்டம் பெறுவதற்கு நுழைவுத் தேர்வில் வென்றால் மட்டும் போதாது. 2024 ஜூனில் தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் இடம் கிடைத்த தினக்கூலித் தொழிலாளியின் மகன் ஒருவர், 17,500 ரூபாய் கட்டணத்தை மாலை 5 மணிக்குள் செலுத்த முடியாமல் அந்த இடத்தை இழந்தார். பணத்தைப் புரட்டி, பதிவை முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது. செப்டம்பர் 30 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்படி அவரைச் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. எல்லா மாணவராலும் நீதிமன்றப் படியேற முடியாது. கெடுவில் சற்றே நெகிழ்வும் உடனடிக் கைமாற்று நிதியும் இருந்தால் வழக்கே எழாது.

சேர்ந்த பிறகு வரும் தடைகள் வேறு. டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஆசிரியர்களின் பாராமுகம், மதிப்பீட்டில் பாகுபாடு, விடுதியில் ஒதுக்கல் ஆகியவற்றை 2007இல் அது பதிவு செய்தது. இத்தகைய பாகுபாட்டைத் தடுத்து உயர்கல்வியில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் வெளியிட்டது.

பாடத்திலும் பள்ளம் உண்டு. செய்முறை வகுப்பே நடக்காத பள்ளியிலிருந்து வருபவருக்குத் தரம்பார்த்தலின் கணக்கு அத்துப்படியாக இருக்கும். நிறம் மாறும் துளியில் பியூரெட்டின் திருகை மூடும் கைப்பழக்கம் இருக்காது. அதை அறிவுக் குறைவாக எண்ணுவது தவறு. சில வாரப் பயிற்சியில் கைவந்துவிடும். ஐஐடிகளில் இடஒதுக்கீட்டு மாணவர் சிலருக்கு நடத்தப்படும் ஓராண்டு ஆயத்த வகுப்பு இந்த எண்ணத்தில் எழுந்ததே. அதில் தேறியவர் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதாமல் முதலாண்டில் சேரலாம்.

பண உதவிக்கும் வழிகாட்டல் தேவை. 2008இல் தொடங்கிய ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் திட்டத்தின் உதவித்தொகை அடிப்படை அறிவியல் பயில்வோருக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 20,000 ரூபாய் கோடைகால ஆய்வுப் பணிக்கானது. வீட்டில் கேட்டறிய ஆளில்லாத மாணவருக்கு, அந்தப் பணிக்கு எந்தப் பேராசிரியரை எப்போது அணுகுவது என்பதே தெரியாது. அந்த இடத்தை மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் நிரப்ப வேண்டும்.

பட்டம் பெற்று வெளியேறுவோர் நாளை ஆய்வகங்களையும் வகுப்பறைகளையும் நடத்துவர். விண்ணப்பக் கெடுவை முன்கூட்டியே சொல்வது, முதல் செய்முறை வகுப்பில் உடன் நிற்பது, பரிந்துரைக் கடிதத்தை வேண்டியவருக்கு மட்டும் என்றில்லாமல் தகுதியுள்ள எவருக்கும் எழுதுவது ஆகிய மூன்றும் அவர்கள் கையில் உள்ளவை.