தர்ம அடியில் தர்மம் எங்கே?

1995-லே திருச்சியிலிருந்து பிரிந்து, 2007-லே ரெண்டு மாவட்டமாகி, இன்னிக்கு இந்த ஒரே பந்தலுக்குள்ளே மறுபடியும் ஒண்ணா உட்கார்ந்திருக்கிற பெரம்பலூர், அரியலூர்ப் பெருமக்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய அண்ணன் முழங்கினார். "திருடனைப் பிடிச்சு மரத்துலே கட்டி நாலு சாத்து சாத்தினாத்தான் ஊருக்குப் பயம் வரும், போலீசுக்காகக் காத்திருந்தா ஆடும் போச்சு, ஆளும் போச்சு" என்றார். பாதி சரி. பிடிக்கலாம். சட்டமே சொல்லுது. நூற்றாண்டு காலமா இருக்கிற உரிமை அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே 43-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்திலே 40-வது பிரிவு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா... பேரைச் சொல்றதுக்குள்ளே நாக்கு சுளுக்கிக்குது! (சிரிப்பு)

ஆனா அந்தப் பிரிவு என்ன சொல்லுது? குற்றம் உங்க முன்னாலே நடக்கணும். அது போலீஸ் வாரண்ட் இல்லாமக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் வர முடியாத குற்றமா இருக்கணும். இல்லேன்னா, கோர்ட்டு தேடப்படும் குற்றவாளின்னு அறிவிச்ச ஆளா இருக்கணும். பிடிச்சா தாமதமில்லாம, ஆறு மணி நேரத்துக்குள்ளே போலீசிடம் ஒப்படைக்கணும். இந்த ஆறு மணிக் கணக்கு புதுசு. ராத்திரி பதினோரு மணிக்குப் பிடிச்சுட்டு, "விடியட்டும், பஞ்சாயத்துத் தலைவர் வரட்டும்"னு காலையிலே ஏழு மணி வரைக்கும் கட்டி வச்சீங்கன்னா, கணக்கு எட்டு மணி நேரம். அப்புறம் சட்டவிரோதமா அடைச்சு வச்ச கேஸ் உங்க மேலே வரலாம். ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில்!

கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடுறவனைத் தாராளமாப் பிடிங்க. செட்டிகுளம் பக்கம் பட்டறையிலிருந்து சின்ன வெங்காயம் ஒரு மூட்டை போகுதுன்னு வைங்க. புதுச் சட்டப்படி ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைஞ்ச பொருள், முதல் தடவை, திருப்பியும் கொடுத்துட்டான்னா தண்டனை சமூக சேவைதான். அதுக்குப் போலீசே வாரண்ட் இல்லாமக் கைது பண்ண முடியாது. அதுக்காக ஓடுறவனை நிறுத்தி, "தம்பி, எத்தனை கிலோ? இன்னிக்கு வெங்காயம் என்ன விலை? உனக்கு இது முதல் தடவையா?"ன்னு கேட்டுட்டா பிடிக்க முடியும்? (பலத்த சிரிப்பு)

அதுக்கும் சட்டத்திலே இடம் இருக்கு. ஒருத்தன் இன்னொருத்தனைக் கொலை பண்றதைப் பார்த்து, கொலைகாரன்னு நம்பிப் பிடிக்கிறீங்க. பிறகு பார்த்தா அவன் தற்காப்புக்காகச் செஞ்சது. உங்க மேலே குற்றமில்லைன்னு சட்டப் புத்தகமே உதாரணம் போட்டு எழுதியிருக்கு. கண்ணாலே பார்த்து, நிதானத்தோட, நல்லெண்ணத்தோட செஞ்சிருக்கணும், அவ்வளவுதான். காதாலே கேட்டதுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2018 மே மாசம் போளூர் பக்கம் அத்திமூரிலே, குலதெய்வத்தைக் கும்பிட வந்த ஒரு வயசான அம்மா, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு கூட்டம் அடிச்சே கொன்னுடுச்சு.

அரியலூர்க்காரங்களுக்கு ஒண்ணு சொல்லணும். சுண்ணாம்புக்கல் லாரி மோதி ஒரு உயிர் போயிடுது. வயிறு எரியத்தான் செய்யும். ஆனா கவனக்குறைவாலே மரணம்ங்கிறது ஜாமீனில் வரக்கூடிய குற்றம். டிரைவரைக் கட்டிப் போட இந்த 40-வது பிரிவு நமக்கு உரிமை தரலே. 108-க்குப் போன் போடுங்க, 112-க்குப் போன் போடுங்க, வண்டி நம்பரைக் குறிச்சுக்கிட்டு சாட்சி சொல்லுங்க. "சிறைபிடித்த பொதுமக்கள்"னு பேப்பர்லே பெருமையா வரும். கேஸ் போட்டா அந்தப் பொதுமக்களுக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பேர் உண்டு!

இப்போ தர்ம அடிக்கு வர்றேன். நம்ம கோயமுத்தூரை ஒட்டின அட்டப்பாடி. 2018 பிப்ரவரி. அரிசி திருடினார்னு ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள்ளே போய்ப் பிடிச்சாங்க. கையைக் கட்டி, அடிச்சு, செல்போன்லே படம் எடுத்து, ஊருக்குள்ளே நடத்திக் கூட்டிட்டு வந்து, போலீசிடம் ஒப்படைச்சாங்க. கவனிங்க, ஒப்படைச்சாங்க! ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே உயிர் போயிடுச்சு. 2023 ஏப்ரல்லே மண்ணார்க்காடு கோர்ட்டு 14 பேரைக் குற்றவாளின்னு சொல்லி, அதிலே 13 பேருக்கு ஏழு வருஷம் தண்டனை கொடுத்தது. போலீசிடம் கொடுத்துட்டோம்ங்கிற பேச்சு அவங்களைக் காப்பாத்தலே. (அமைதி)

"அப்போ வீட்டுக்குள்ளே கத்தியோட வந்தவனை வேடிக்கை பார்க்கணுமா?"ன்னு அண்ணன் கேட்பார். வேண்டாம். அது தற்காப்பு, அதுக்கு வேற பிரிவு இருக்கு. ஆனா அவன் கை கட்டுப்பட்ட நிமிஷம் உங்க ஆபத்து முடிஞ்சுது, தற்காப்பும் முடிஞ்சுது. அதுக்கப்புறம் விழுற அடி வெறும் அடி. காயம் பட்டா ஒரு வருஷம் வரைக்கும், எலும்பு முறிஞ்சா ஏழு வருஷம் வரைக்கும். யார் அடிச்ச அடியிலே எலும்பு முறிஞ்சதுன்னு கூட்டத்துலே யாருக்குத் தெரியும்? கேஸிலே சேர்ந்து நிக்கிறப்போ எல்லாரும்தான் மாட்டணும்.

நடுவர் மணியிலே கை வச்சுட்டார். எதிரணிக்கு ஒரே கேள்வி. ஆளைப் பிடிச்சாச்சு, கட்டியாச்சு, ஸ்டேஷனுக்கும் போன் போட்டாச்சு. அப்புறம் கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வந்து முதல் அறை விடுறாரே ஒருத்தர், அவர் வீட்டிலே என்ன திருடு போச்சு? அண்ணன் பதில் சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)