‘பரவாயில்லை’ என்று சொல்லப் பழகிய வகுப்பு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இங்கே உயர்தரம் படித்த வகுப்பின் சார்பில் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தை விட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்றும், லண்டன், ரொறொன்ரோ, ஒஸ்லோ, சிட்னி என்றும் சிதறியிருக்கிறோம். எங்களில் ஆசிரியர், கணக்காளர், கிராம அலுவலர், தையற்கடை நடத்துபவர், வீட்டைப் பொறுப்பாகப் பார்ப்பவர் எல்லோரும் உண்டு. சிலர் வைத்தியர்களானோம். போரில் இழந்த தோழிகளும் உண்டு. 2009இற்குப் பிறகு எந்தத் தகவலும் கிடைக்காதவர்களும் உண்டு. அவர்களின் பெயர்களையும் சேர்த்தே எங்கள் வகுப்பு இடாப்பை வாசிக்கிறோம்.

எதையும் தாங்கும் வகுப்பு என்று எங்களைச் சொல்வார்கள். அது உண்மைதான். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் இரசாயனவியலும் தூய கணிதமும் படித்தோம். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள் என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமமே மழையில் நனைந்தபடி தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பாடக் கொப்பிகளை உரப்பையில் கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். 1996இல் திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து படித்தோம்.

இவை நாங்கள் பலமுறை சொன்ன கதைகள். சொல்லாத பகுதி ஒன்று உண்டு. சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் ஒரு வீட்டில் ஐந்தாறு குடும்பங்கள் தங்கியிருந்த நாட்களில், இருட்டும்வரை மலசலகூடத்துக்குப் போகாமலிருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். மாதவிடாய்த் துணியைத் துவைத்து, மற்ற உடுப்புகளுக்குக் கீழே மறைத்துப் போட்டு, காயமுன்பே எடுத்தோம். “என்ன பிள்ளை செய்யுது?” என்று அம்மா கேட்டால், “ஒண்டுமில்லை, பரவாயில்லை” என்றோம். அம்மாவிடம் கேட்டாலும் அவ அதையேதான் சொன்னா. ஷெல் சத்தத்துக்குள் சொந்த வலியைச் சொல்லி இன்னொருவருக்குச் சுமை கொடுக்க யாருக்கும் மனமில்லை. அந்த நேரத்துக்கு அது சரியான பதில்.

போர் முடிந்த பிறகும் அந்தப் பதில் எங்களை விட்டுப் போகவில்லை. வைத்தியர்களான நாங்கள் அதை நாள்தோறும் கேட்கிறோம். நாற்பது கடந்த பெண் ஒருவர் வந்து உட்கார்ந்தால் முதலில் மாமியின் மருந்துத் துண்டைத் தருவார். பிறகு மகனின் இருமலைச் சொல்வார். எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று, “டொக்டர், எனக்கும் ஒரு சின்ன விசயம்” என்பார். அந்தச் சின்ன விசயம் சிலவேளை எட்டு மாதமாக இருக்கும் மார்புக் கட்டி.

எங்கள் வகுப்பிலேயே ஒருத்தியை அப்படி இழந்தோம். மகளின் சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பே கட்டியை உணர்ந்தவள், பரீட்சை முடிவு வந்த பின்தான் வைத்தியரிடம் காட்டினாள். எங்கள் வட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் காலை வணக்கம் போட்டவள் அவள். அவளுக்கு வருத்தம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே வெளிப்படையாகச் சில விடயங்களைச் சொல்கிறோம். இலங்கைப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது எது என்று கைவைத்துப் பார்த்து நாங்களே தீர்மானிக்க முடியாது. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் உருவாகப் பல ஆண்டுகள் எடுக்கும். அந்த ஆண்டுகளுக்குள் ஒரு எளிய பரிசோதனையால் அதைத் தடுக்கலாம். அதிக இரத்தப்போக்கை “இந்த வயதில் இப்படித்தான்” என்று விட்டுவிட்டு, இரத்தச்சோகையோடு படியேற முடியாமல் மூச்சுவாங்குகிறோம். இருமினால் சிறுநீர் கசிவதற்கும் வைத்தியம் இருக்கிறது. நித்திரை வராத இரவுகளுக்கும், முப்பது வருடம் கழித்து வரும் அழுகைக்கும் வைத்தியம் இருக்கிறது.

நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிய அதே 1996இல்தான் இலங்கையில் சுகவனிதையர் கிளினிக் திட்டம் தொடங்கியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து, இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கிறார்கள். காசு கட்டத் தேவையில்லை. லண்டனில் இருப்பவர்களுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கான அழைப்பு 25 வயதிலிருந்தே வரும். அந்தக் கடிதத்தை லாச்சிக்குள் போட்டு வைத்திருப்பவர்கள் யார் யாரென்று எங்களுக்குத் தெரியும்!

2017இலிருந்து இந்நாட்டில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. இன்று வெள்ளைச் சட்டையோடு எங்களை வரவேற்ற சின்னத் தங்கச்சிமாருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் எங்களுக்குப் பரிசோதனை இன்னும் முக்கியம்.

எங்கள் வகுப்பு இவ்வருடம் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறது. தோழியின் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்புவதோடு நிற்காமல், ஒருத்தி தொலைபேசி எடுத்து, “எடியே, போய்க் காட்டினியா?” என்று கேட்கவேண்டும். “பரவாயில்லை” என்பதைப் பதிலாக ஏற்கக்கூடாது. தனியே போகத் தயங்குபவளோடு பக்கத்தில் இருப்பவள் கூடப் போகவேண்டும். இதுவரை பதினொரு பேர் போய்வந்திருக்கிறார்கள். அதில் இருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது; இருவருக்கும் அதுவரை தெரியாது.

மற்ற வகுப்பினரும் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கல்லூரி எங்களுக்குத் தாங்கும் பலத்தைத் தந்தது. அதற்கு என்றும் நன்றியுடையவர்களாக இருப்போம். இனி ஒருவருக்கொருவர் வலியைச் சொல்லவும் பழகுவோம். அடுத்த ஒன்றுகூடலுக்கு இடாப்பில் இருக்கும் எல்லோரும் வந்து சேரவேண்டும்.