கணுக்கால் வலியை வெறும் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்
(கொழும்பில் தொழில் செய்யும் மலையக உறவுகள் மத்தியில் கொட்டாஞ்சேனையில் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம்மில் அநேகர் லயத்தில் பிறந்தவர்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா நொண்டி நொண்டி மலை ஏறுவதைப் பார்க்கிறோம். "வாதம்" என்று சொல்லி, பாம் பூசி, இரண்டு பனடோல் போட்டு, விடிந்ததும் பெரட்டுக்குப் போய்விடுகிறார். நாமும் இங்கே நாள் முழுக்க நிற்கிறோம், மூட்டை தூக்குகிறோம். அதனால்தான் இன்றைக்குக் கணுக்கால் மூட்டுத் தேய்வைப் பற்றிப் பேசுகிறேன்.

முழங்கால் பெரும்பாலும் வயதோடு தேய்கிறது. கணுக்கால் அப்படியல்ல. அது தேய்வதற்கு முக்கிய காரணம் பழைய காயம். கானில் கால் மாட்டி எலும்பு முறிந்திருக்கலாம். மழையில் சறுக்கித் திரும்பத் திரும்பச் சுளுக்கியிருக்கலாம். எலும்பு சரியாகப் பொருந்தாவிட்டாலோ, தசைநார் தளர்ந்துவிட்டாலோ மூட்டுக்குள் இருக்கும் மெல்லிய குருத்தெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வலி பல வருடங்கள் கழித்தும் வரலாம். நடக்கும்போது கணுக்காலில் உடல் எடையைப் போல ஏறத்தாழ 5 மடங்கு பாரம் இறங்குகிறது. கொழுந்துக் கூடையையும் சரிவையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லா வீக்கமும் தேய்வு அல்ல. பல மூட்டுகள் சேர்ந்து வீங்கி, காலையில் நெடுநேரம் விறைத்திருந்தால் அது ருமட்டொயிட் மூட்டுவாதமாக இருக்கலாம். யூரிக் அமிலத்தாலும் மூட்டு வீங்கும். இவற்றுக்கு மருந்து வேறு. காய்ச்சலோடு மூட்டு சிவந்து சுட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேய்வைக் கண்டுபிடிக்க, நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரே உதவும்.

சிகிச்சை படிப்படியானது. முதலில் எடையைக் குறைப்பது, கணுக்காலைத் தாங்கும் சப்பாத்து அல்லது பட்டி, பிசியோதெரபி. வலிமாத்திரையை வைத்தியர் சொன்ன அளவுக்கே எடுங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவற்றைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்கள், சில மாதங்கள் ஆறுதல் தரும். தேய்ந்த குருத்தெலும்பை அது மீட்காது.

இவற்றால் முடியாதபோதுதான் சத்திரசிகிச்சை. ஒன்று, மூட்டு எலும்புகளை இறுக்கி ஒன்றாக ஒட்டவைப்பது. வலி பெரும்பாலும் போய்விடும். சமதரையில் நன்றாக நடக்கலாம். ஆனால் மூட்டின் அசைவு போய்விடுவதால் ஏற்ற இறக்கம் சிரமம். சில வாரங்கள் காலை ஊன்றக் கூடாது, வேலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். புகைபிடிப்பவருக்கு எலும்பு ஒட்டுவது தாமதமாகும். மற்றது செயற்கை மூட்டு. அசைவு மிஞ்சும். ஆனால் கடும் உடலுழைப்பில் அது சீக்கிரம் தேயக்கூடும், பிறகு மறுபடி சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

ஆகவே வைத்தியரிடம் "கால் வலிக்குது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தச் சரிவில் கொழுந்து எடுக்கிறோம், எவ்வளவு பாரம் தூக்குகிறோம், எத்தனை மணி நேரம் நிற்கிறோம் என்று சொல்லுங்கள். முடிவு அதைப் பொறுத்தது. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவில போதனா வைத்தியசாலையும் கிட்ட இருக்கின்றன. அரச கிளினிக்கில் வைத்தியரைப் பார்க்கப் பணம் இல்லை. அம்மாவை அழைத்து வந்தால் கூடவே உள்ளே போங்கள். சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் அவருக்கு விளக்குங்கள். பழைய எக்ஸ்ரே, கிளினிக் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். சத்திரசிகிச்சை என்றால் எந்தப் பொருளாவது வெளியில் வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கடைசியாகத் தொழிற்சங்க விஷயம். வேலை நேரத்தில் கால் முறிந்தால் அது விபத்து. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. தோட்டத்துக்கும் கடைக்கும் அது பொருந்தும். அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில், அல்லது முதலாளியிடம் எழுத்தில் அறிவியுங்கள். டிஸ்பென்சரித் துண்டில் காயம் எப்படி வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். "சுளுக்கு" என்று மட்டும் எழுதிய துண்டை வைத்துக்கொண்டு பத்து வருடம் கழித்து வழக்குப் பேச முடியாது. சத்திரசிகிச்சை செய்தவருக்கு மலைக்குப் பதிலாக இலகுவான வேலை கேட்பது சங்கத்தின் பொறுப்பு. அதற்கு வைத்தியரின் கடிதம் வேண்டும்.

இந்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவின் காலைப் பாருங்கள். பழைய காயம் எப்போது, எங்கே ஏற்பட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். தேவைப்பட்டால் அந்தக் குறிப்போடு சங்கத்துக்கு வாருங்கள்.