அணை நீரிலும் ஆலைக் குளத்திலும் மீத்தேன்



நீர்மின்சாரம் புகையற்றது, ஆயினும் முற்றிலும் மாசற்றது எனக் கூற இயலாது. வெப்பமண்டலத்தில் அணை எழுந்து காடு நீரில் மூழ்கும்போது, இலைகளும் வேர்களும் அடியாழத்தில் உயிர்வளியின்றிச் சிதைகின்றன. அச்சிதைவில் பிறப்பதே மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவில் 1994இல் நீர் தேங்கத் தொடங்கிய பெத்தி சோ அணை இதற்குச் சான்று. ஆழத்து நீர் சுழலியைக் கடந்து வெளிவரும்போது அழுத்தம் குறைகிறது. மூடி திறந்த சோடாப் புட்டியில் போல, கரைந்திருந்த வாயு பிரிந்து வெளியேறுகிறது.

அவ்வாயுவைப் பிடித்து மின்னாக்கலாம் எனப் பிரேசில் ஆய்வாளர்கள் முன்மொழிந்தனர். தடையாக நிற்பது செறிவின்மை. பெருநீரில் மெலிதாகக் கரைந்திருப்பதைப் பிரித்தெடுக்கவே மிகுந்த ஆற்றல் செலவாகும். ருவாண்டாவின் கிவு ஏரியில் அது கைகூடியதற்குக் காரணம், அங்கே அடிநீரில் வாயு நெடுங்காலமாகத் திரண்டு கிடப்பதே.

நம் மலாக்கா மாநிலத்தில் உள்ள டுரியான் துங்கால், ஜூஸ் முதலிய அணைகள் குடிநீருக்கானவை. ஆயினும் அதே வாயு நமக்கு அருகிலேயே, மிகச் செறிவாகப் பிறக்கிறது. ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் பால்மரம் நின்ற தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. செம்பனை ஆலையில் 100 டன் குலைகளைப் பதப்படுத்தினால் ஏறத்தாழ 65 டன் கழிவுநீர் வெளிப்படும். ஒரு டன் கழிவுநீர் சுமார் 28 கன மீட்டர் வாயுவைத் தரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மீத்தேன். திறந்த குளத்தில் அது வீணே வானேறும். குளத்தை மூடினால் இயந்திரத்தை ஓட்டும். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு இவ்வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

இதனை மொழி மேடையில் நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவ்வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சும் கலந்திருக்கும். சிறிதளவில் அது அழுகிய முட்டைபோல் நாறும். அளவு மிகுந்தாலோ மூக்கின் உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் நின்றது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமன்று. ஆபத்து முற்றியதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். ஆலையில் பணிபுரியும் நம்மவர் இவ்வுண்மையைத் தம் தாய்மொழியில் அறிந்திருத்தல் வேண்டும்.

கலைச்சொல்லாக்கம் அகராதியோடு நின்றுவிடலாகாது. வாயு, அழுத்தம், கசிவு, நச்சு, காற்றோட்டம் ஆகிய சொற்கள் ஆலையின் எச்சரிக்கைப் பலகைக்கும் தமிழ்ப்பள்ளியின் வகுப்பறைக்கும் சென்று சேரவேண்டும். அவற்றை எளிய தமிழில் தொகுத்து அளிக்கும் பணியை இம்மன்றம் மேற்கொள்ள வேண்டுமென நாம் கேட்டுக்கொள்கிறோம்.