ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு காவல்காரன்



செட்டிகுளம் பக்கம் ஒரு வெங்காயக் காட்டுக்குப் போயிருந்தேன். பயிர் வாடி நிற்கிறது. மோட்டாரோ காயில் கட்டக் கடைக்குப் போயிருக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால், ரிலேயைக் கழற்றிவிட்டு நேராக ஒயர் கொடுத்திருக்கிறார்கள். "அடிக்கடி ட்ரிப் ஆகுதுங்க சார், அதான் எடுத்துட்டோம்" என்றார் காட்டுக்காரர். நாய் குரைக்குதென்று நாயை விரட்டின கதைதான்!

பச்சைப் பொத்தானை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் கான்டாக்டர். கம்பிச் சுருளுக்குக் கரண்ட் போய், அது காந்தமாகி, மூன்று ஃபேஸையும் ஒரே இழுப்பில் மோட்டாருக்குச் சேர்க்கிறது. தொழிற்சாலைகளில் மின்சார உலையைப் போட்டு அணைப்பதும் இதே சாமான்தான்.

ஆனால் நம் ஸ்டார்ட்டர்களில் பெரும்பாலும் அந்தச் சுருள் இரண்டு ஃபேஸில்தான் கட்டியிருக்கும். மூன்றாவது ஃபேஸ் போனால் அதற்குத் தெரியாது. பிடித்த பிடியை விடாது. மோட்டார் முனகிக்கொண்டே ஓடும். மீதி இரண்டு ஃபேஸிலும் கரண்ட் சுமார் 1.7 மடங்கு ஏறும். அப்போது அந்தக் காயிலில் சூடு ஏறத்தாழ மூன்று மடங்கு! கொஞ்ச நேரத்தில் காயில் கருகிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பவர் ரிலேதான். அதற்குள் இரண்டு வகை உலோகத்தை ஒட்டிய பட்டைகள் உண்டு. கரண்ட் கூடினால் பட்டை சூடேறி வளையும். வளைந்து சுருளுக்குப் போகும் கரண்டை வெட்டும். கான்டாக்டர் விட்டுவிடும், மோட்டார் பிழைக்கும்.

ரிலேயில் உள்ள திருகை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வையுங்கள். 5 குதிரைசக்தி மோட்டாருக்குச் சுமார் 7.5 ஆம்பியர் வரும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் என்றால் பொதுவாகத் தகட்டு அளவில் 100க்கு 58 பங்குதான். ட்ரிப் ஆகுதே என்று திருகைக் கடைசிவரை ஏற்றுவது, ரிலேயைக் கழற்றுவதற்குச் சமம்.

ட்ரிப் ஆனால் உடனே அமுக்காதீர்கள். பட்டை ஆறட்டும், ஐந்து நிமிஷம் பொறுங்கள். ஒயர்மேனை விட்டு மூன்று ஃபேஸும் வருகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, பேரிங் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கான்டாக்டருக்குக் குச்சி முட்டுக் கொடுக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். முட்டுக் கொடுத்தால் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் மோட்டார் நிற்காது. ஈரக் கையோடு மெயினைத் தேடி இருட்டில் ஓட வேண்டிவரும்.